முகாம் முடிந்த மறுநாள்

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை தன் கரைகளை மறந்தது. வெள்ளம் வடிந்தபின் திருக்கோவிலூர்ப் பகுதியில் நான் சென்ற தெருக்களில், வீடுகளுக்குள் புகுந்த சேற்றை இளைஞர்கள் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுள் பலர் மாணவர்கள். அக்காட்சி என் உள்ளத்தைக் குளிர்வித்தது. நெடுநாளாக அங்கே கிடந்த ஓர் உறுத்தலையும் கிளறிவிட்டது.

1980களின் இறுதியில், கல்லூரி மாணவனாக, கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நடந்த பத்து நாள் பணி முகாமில் பங்கேற்றேன். கழிவுநீர்க் கால்வாய் வெட்டினோம், மரக்கன்றுகள் நட்டோம். நிறைவு நாளில் மாலைகளும் நிழற்படமும் இருந்தன. பேருந்து ஏறும் வேளையில் மூதாட்டி ஒருவர் என் கையைப் பற்றி, “மறுபடி எப்போ வருவீங்க, தம்பி?” என்று கேட்டார். “சீக்கிரம் வருவோம், பாட்டி” என்றேன். போகவில்லை. குருவான பின்னர் அவ்வழியே சென்றபோது இறங்கிப் பார்த்தேன். கால்வாய் தூர்ந்திருந்தது. கன்றுகளுள் ஒரு வேம்பு மட்டும் நின்றது. பாட்டி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர் தொண்டின் வரலாற்றை நான் புரட்டத் தொடங்கியது அந்தக் கேள்வியின் பொருட்டே.

1833ஆம் ஆண்டு பாரிசு நகரம். முந்தைய ஆண்டின் காலரா பல்லாயிரம் உயிர்களைக் குடித்திருந்தது. சட்டம் பயின்ற பிரெடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது இளைஞரிடம், சமயப் பற்றற்ற மாணவர்கள் கேட்டனர்: “உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?” அவர் மறுப்புரை எழுதவில்லை, நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றார். இன்று உலகெங்கும் பரவியுள்ள வின்சென்ட் தே பவுல் சபை இவ்வாறே பிறந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய ரோசலி ரெந்து என்னும் அருள்சகோதரி கற்றுக்கொடுத்த முறை எளியது: அதே குடும்பத்தைத் தொடர்ந்து சந்திப்பது. உதவியைவிட உறவே அங்கு முதன்மை பெற்றது.

1920இல் சுவிட்சர்லாந்தின் பொறியாளர் பியேர் செரெசோல், போரால் பாழான வெர்தன் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பன்னாட்டுத் தொண்டர்களை ஒன்று திரட்டினார். நேற்றுவரை பகைவராயிருந்த நாடுகளின் மக்கள் அங்கே சேர்ந்து வீடு கட்டினர். 1934 சனவரி 15இல் நிலநடுக்கம் பீகாரைச் சிதைத்தபோது அவர் இந்தியாவுக்கு வந்தார். ஒருமுறை வந்து திரும்பியவர் அல்லர். 1937 வரை மீண்டும் மீண்டும் வந்து, ஊர்களை மறுபடி எழுப்பும் பணியில் தோள் கொடுத்தார்.

நம் நாட்டிலும் இச்சிந்தனை நெடுங்காலம் முதிர்ந்தது. மாணவர்கள் மக்களுக்குப் பணியாற்ற வேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தி வந்தார். விடுதலைக்குப் பின் இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழுவும், 1959இல் அமைந்த தேசுமுக் குழுவும், 1964–66இல் இயங்கிய கோத்தாரி குழுவும் இதனை ஆராய்ந்தன. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, மையக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. இராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களும் 40,000 மாணவர்களும் அதில் முதலில் இணைந்தனர். ‘நானல்ல, நீ’ என்பது அதன் கொள்கை. கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம் அதன் சின்னம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் சிறப்பு முகாமும் அதன் நடைமுறை.

இத்திட்டம் முகாமோடு நின்றுவிடச் சொல்லவில்லை என்பதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். ஓர் ஊரைத் தத்தெடுத்து, அங்கே தொடர்ந்து பணியாற்றுமாறு அது கேட்கிறது. தத்தெடுத்தல் என்பது எவ்வளவு கனமான சொல்! தத்தெடுத்த பிள்ளையைப் பத்து நாள் கொஞ்சிவிட்டுத் திரும்புவோர் உண்டோ? குறை திட்டத்தில் இல்லை. சான்றிதழைப் பத்திரப்படுத்திக்கொண்டு பாட்டியை மறந்துபோன என்னிடம்தான் இருந்தது.

இதற்கு விடை தேடித் தொலைவில் அலைய வேண்டியதில்லை. திருக்கோவிலூரில் தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பறம்பின் பாரி மாண்ட பின்னர், அவன் மக்களைத் தம் பொறுப்பாக ஏற்றவர் கபிலர். பாரியின் மகளை மலையனுக்கு அளித்த பின் அவர் தீயில் புகுந்தார் என்று இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு பகர்கிறது. அவர் முடிவை ஏற்பதும் விடுப்பதும் வேறு. நண்பன் மறைந்தபோது அவருடைய நட்பின் கடமை முடிந்துவிடவில்லை, அப்போதுதான் தொடங்கியது. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வரும்போது மிகுதியையும் தருவதாகச் சொன்னான். திரும்பி வருவேன் என்ற அந்தச் சொல்லை நாம் எத்தனை முறை வாசித்தும் கவனியாமல் கடந்திருக்கிறோம்!

சேறு அள்ளிய இளைஞர்களை நான் பாராட்டினேன். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தேன்: “நீங்கள் தூய்மை செய்த வீட்டாரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் சென்று, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்து வாருங்கள். மண்வெட்டி வேண்டாம், வெறுங்கையோடு போனாலும் போதும்.”

சிலர் சென்றனர். வெறுங்கையோடு போனவர்களுக்கு அவ்வீடுகளில் காப்பி கிடைத்ததாம். மலையடிவாரத்தில் நான் இழந்தது அதுவே என்று எண்ணிக்கொண்டேன்.