பொம்பா, ரேலாவில் சேருமுன்: குற்றப்பதிவு எது, எது இல்லை?

2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலி அருகே நிலம் சரிந்து 31 பேர் மாண்டனர். தேடுதலில் இறங்கியவர்களில் தீயணைப்பு வீரர்களும் பொதுத் தற்காப்புப் படையினரும் இருந்தனர். சுங்கை சோவிலிருந்து அந்த இடம் அதிக தூரமில்லை. இந்த வேலையில் இருப்பவர் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவார்; மயங்கிக் கிடப்பவரின் பணப்பையைத் தொடுவார்; வெள்ள நிவாரண மையத்தில் பிள்ளைகளோடு இருப்பார். பின்னணிச் சோதனை அதற்காகத்தான்.

பொம்பா போன்ற அரசு வேலைக்கு ‘தாபிசான் கெசெலாமாத்தான்’ எனும் பாதுகாப்புச் சோதனை உண்டு. இ-வெட்டிங் இணைய முறையில் விவரங்களை நாமே நிரப்ப வேண்டும். தொண்டூழியப் படையான ரேலாவும் 18 வயது நிரம்பிய, குற்றப்பதிவு இல்லாத குடிமக்களையே சேர்க்கிறது. இதற்காக விஸ்மா புத்ராவில் நன்னடத்தைச் சான்றிதழ் எடுக்க அலைய வேண்டாம். அது வெளிநாடு போகிறவர்களுக்கு.

குற்றப்பதிவு எது என்பதில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம். சந்தேகத்தில் பிடித்து, இரண்டு நாள் லோக்காப்பில் வைத்து விட்டுவிட்டால் அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. அதற்குப் பயந்து விண்ணப்பிக்காமல் இருக்கத் தேவையில்லை. ஆனால் பாரத்தில் கைது பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை வழக்கிலோ அடிதடி வழக்கிலோ, “அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்கு வா” என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். பையனும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அபராதம் சிறியதுதான், தீர்ப்போ பதிவாகிவிடும். சிங்கப்பூரில் சிறு குற்றம் செய்தவர் 5 ஆண்டு வேறு குற்றமின்றி இருந்தால், அந்தப் பதிவு காலாவதியானதாகக் கொள்ளப்படும். இங்கே அப்படிப் பொதுவான சட்டம் இல்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவை இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது. வயது, முந்தைய நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, தீர்ப்பைப் பதிவு செய்யாமலே எச்சரித்தோ பிணையில் கையெழுத்து வாங்கியோ நீதிமன்றம் விடுவிக்கலாம். கடுமையான குற்றங்களுக்கு இது பொருந்தாது. 294-ஆவது பிரிவிலும் நன்னடத்தைப் பிணை உண்டு. ஆனால் அது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு தருவது. வெளியே வருபவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பதிவில் ஒன்றல்ல.

இதை மாஜிஸ்திரேட் முன் நிற்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். தேசிய சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல், கைதாகித் தடுப்புக் காவலில் இருக்கும் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது.