முத்துமீனாட்சியின் வாக்குமூலம்

‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ என்பது தமிழ்ப் பெண்களுக்குப் பன்னெடுங்காலமாக ஓதப்பட்டு வந்த பழமொழி. பட்ட அடியை வெளியே சொல்லாதிருப்பதே குலப்பெருமை எனக் கருதப்பட்டது. அந்த மௌனத்தை உடைக்க முயன்ற தொடக்கக் காலத் தமிழ்ப் புனைகதைகளுள் அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ தனிச் சிறப்புடையது.

அந்நூல் தோன்றிய காலச் சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். 1890இல் கல்கத்தாவில் புல்மணி என்னும் பத்து, பதினொரு வயதுச் சிறுமி, கணவனின் வன்புணர்ச்சியால் உயிரிழந்தாள். நாடே கொந்தளித்தது. 1891இல் பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திச் சட்டம் வந்தது. சமயத்தில் அரசு தலையிடுவதா எனப் பலர் சினந்தனர். அச்சினம் ஆறுமுன்னரே, 1892இல், ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் தொடர்கதை வெளிவரத் தொடங்கியது. எழுதியவர் இருபது வயது இளைஞரான மாதவையா. தொடர் முற்றுப்பெறாமலே நின்றது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1903இல், அதுவே ‘முத்துமீனாட்சி’ என்னும் நூலாக வெளிவந்தது.

பெரியோர் முடித்து வைத்த மணம், பருவம் எய்துமுன்னரே இல்லறச் சுமை, மாமியாரின் கொடுமை, கணவனின் முரட்டுத்தனம். இவையே கதைப்பொருள். ஆயினும் நூலின் வலிமை பொருளில் மட்டும் இல்லை. சொல்லும் முறையிலும் உள்ளது. துன்புற்ற பெண்ணே தன் வரலாற்றைத் தான் கூறுகிறாள். பிறர் அவளுக்காக இரங்குவது வேறு. அவளே வாக்குமூலம் அளிப்பது வேறு. முன்னதில் அவள் பரிதாபப் பொருள். பின்னதில் அவள் சாட்சி.

இனி, கதையின் முடிவை ஊன்றி நோக்க வேண்டும். கணவன் இறந்த பின்னரே முத்துமீனாட்சிக்கு விடுதலை கிட்டுகிறது. கைம்பெண்ணான அவள் மறுமணம் செய்துகொள்கிறாள். கணவன் உயிரோடிருக்கும்போதே அவள் விலகிச் செல்வதாக ஆசிரியர் ஏன் எழுதவில்லை? அன்றைய சட்டமே அதற்கு விடை. 1856ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்ணின் மறுமணத்தை ஏற்றது; உயிருள்ள கணவனிடமிருந்து மணவிலக்குப் பெற இந்துச் சட்டத்தில் வழியில்லை. சில சாதிகளில் வழக்காறு அதற்கு இடம் தந்தது. முத்துமீனாட்சி பிறந்த அந்தணர் குலத்திலோ அதுவும் இல்லை. ஆகவே கதைத்தலைவி வாழ வேண்டுமானால் கணவன் சாக வேண்டியிருந்தது. சட்டம் அடைத்திருந்த வாயிலைக் கற்பனையாலும் திறக்க இயலவில்லை.

அவ்வாயில் மெல்லவே திறந்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் இடமளித்தது. 1955இல் இந்திய இந்துத் திருமணச் சட்டம் வந்தது. மாதவையா இவற்றைக் காணவில்லை. 1925இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்ட வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் எனப் பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார்.

மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு விடிவு இன்னும் தாமதமாகவே வந்தது. தோட்டப்புற லயங்களில் ஒரு வீட்டு அலறல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். கேட்டும் கேளாதவராய் இருப்பதே வழக்கமாயிற்று. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யப்படாத திருமணங்கள் பல. அத்தகைய பெண் கணவனை வழக்குமன்றத்துக்கு அழைப்பது எளிதாக இல்லை. 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச்சு முதல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. சேர்ந்து வாழ இயலாத அளவுக்குக் கணவன் நடந்துகொண்டால் மணவிலக்குக் கோரவும் வழி செய்தது. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 சூன் முதல் நடப்புக்கு வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளத்துக்கு இழைக்கப்படும் ஊறினையும் வன்முறையாகக் கொண்டது. மணவிலக்குப் பெறாமலே பாதுகாப்பு ஆணை பெறலாம் என்பதே இச்சட்டத்தின் பெரும்பயன்.

மலாக்கா மாநிலத்து நீதிமன்ற வளாகம் இன்று ஆயர் குரோவில் உள்ளது. முத்துமீனாட்சிக்குக் கிட்டாத வாயில் அங்கே திறந்திருக்கிறது. ஆனால் அதனுள் நுழைய, துன்புற்றவள் முதலில் வாய் திறக்க வேண்டும். கேட்பவர் நம்ப வேண்டும். நூற்றாண்டுக்கு முன் ஒரு நாவல் செய்து காட்டியது அதனைத்தான். முத்துமீனாட்சியை வகுப்பறையில் படிப்பிக்கும் தமிழாசிரியர், பழைய இலக்கியம் ஒன்றை அறிமுகப்படுத்துவதோடு அமைவதில்லை. ‘சொல்வது இழுக்கன்று’ என்னும் துணிவையும் மாணவியர்க்கு வழங்குகிறார். அவ்வகுப்பில் ஒருத்தியேனும் தன் வீட்டை எண்ணித் தலைகுனிந்து அமர்ந்திருக்கக்கூடும். அவளுக்கு அப்பாடம் வெறும் பாடமாக இராது.