வரலாற்றாசிரியை குமாரி ஜயவர்த்தன

1893ஆம் ஆண்டிலே கொழும்பு நகரத்து அச்சகம் ஒன்றில் வேலை செய்தோர், தமக்குரிய சம்பளம் உரிய நாளிற் கைக்கு வராமையால், எழுத்துக் கோப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்தனர். அவ்வேலைநிறுத்தம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் அதன் பயனாய் அச்சுத் தொழிலாளர் சங்கம் ஒன்று தோன்றியது. வைத்தியர் லிஸ்போவா பின்ரோ தலைவராகவும், பூல்ற்ஜென்ஸ் என்பார் செயலாளராகவும் அமர்ந்தனர். இலங்கையின் முதற் தொழிற்சங்கம் அதுவே. தேசாதிபதிகள் வந்ததையும் போனதையும், பாலங்கள் கட்டப்பட்டதையும் நாள் தவறாமற் குறித்துவைத்த பழைய சரித்திர நூல்கள், அந்நூல்களையே அச்சிற் கோத்த கைகளைப் பற்றி ஒரு வரியேனும் எழுதவில்லை. அக்கைகளின் கதையைத் தேடி எடுத்து, இந்நாட்டு வரலாற்றில் அதற்குரிய இடத்தில் வைத்தவர் குமாரி ஜயவர்த்தன அம்மையார்.

அம்மையார் பிறந்தது 1931இல். இலங்கை மக்கள் ஆணும் பெண்ணுமாய் முதன்முதல் வாக்களிக்கச் சென்றதும் அதே ஆண்டில். தந்தையார் ஏ. பி. டி சொய்சா, அரசாங்க சபையில் அங்கம் வகித்தவர், பௌத்த அறிஞர். தாயார் எலினோர் ஹட்டன், ஆங்கிலப் பெண்மணி. கொழும்பு லேடீஸ் கல்லூரியிற் கற்ற அம்மையார், பின்னர் லண்டன் பொருளியற் கல்லூரியிலும் பாரிஸ் நகரிலும் பயின்றார், சட்டமும் கற்றார். தொழில் உறவுகள் பற்றிய ஆய்வுக்கு 1964இல் லண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பிக் கொழும்பிலே பல்கலைக்கழக ஆசிரியராக 1985 வரை அரசியல் விஞ்ஞானம் கற்பித்தார். 1977இல் சமூக விஞ்ஞானிகள் சங்கத்தை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர்.

1972இல் வெளிவந்த இவரது முதற் பெருநூல் இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியைக் கூறுவது. 1906இல் நடந்த வண்டிக்காரர் வேலைநிறுத்தம், 1912இல் நடந்த புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1923இல் கொழும்பையே உலுக்கிய பொது வேலைநிறுத்தம் என ஒன்றன்பின் ஒன்றாக அந்நூல் எடுத்துரைக்கின்றது. வெறும் சம்பவத் தொகுப்பென்று அதனைக் கருதலாகாது. பௌத்த மறுமலர்ச்சியும் மதுவிலக்கு இயக்கமும் தொழிலாளர் கிளர்ச்சியோடு எங்கே கைகோத்தன, எங்கே பிரிந்தன என்பதை அம்மையார் நுணுகி ஆராய்ந்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் அமைத்ததும், பெரி. சுந்தரம் அதில் உழைத்ததும் அவ்வரலாற்றிலே வருகின்றன. மலைநாட்டுத் தோட்டங்களில் அப்போது 'துண்டு' முறை நிலவியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளி, தான் பட்ட கடன் எவ்வளவு என்று குறித்த ஒரு கடதாசித் துண்டைக் கொண்டுசெல்ல வேண்டும். அக்கடனைத் தீர்ப்பார் எவரோ அவருக்கே அவன் ஆளாவான். மனிதனை விலைக்கு வாங்குவது சட்டத்தால் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்பும், அவன் கடனை வாங்கினாற் போதும், மனிதன் தானே வந்துசேர்ந்தான்! இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

தொழிலாளர் தலைவர்களைத் தெய்வமாக்கும் பழக்கம் இவரிடம் இல்லை. 1923இல் கொழும்புத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய ஏ. ஈ. குணசிங்காவின் துணிவை நிறைவாகவே எழுதினார். அதே குணசிங்கா, பொருளாதார மந்தம் வந்த காலத்தில், மலையாளத் தொழிலாளர்மீது பகைமையை மூட்டியதையும் மறைக்காமல் எழுதினார். வேலை அருகும்போது முதலாளியை நோக்க வேண்டிய கண், பக்கத்தில் நிற்கும் வேற்று மொழிக்காரனை நோக்கத் திரும்புவது எவ்வாறு? இவ்வினாவை 1915ஆம் ஆண்டுக் கலவரம் பற்றிய கட்டுரையிலும் அவர் எழுப்பியிருந்தார். 1983 யூலைக்குப் பின்னர் அது கல்விமான்களின் வினாவாக மாத்திரம் இருக்கவில்லை. இலங்கையின் இன, வர்க்க முரண்பாடுகள் பற்றி 1985இல் வந்த அவரது சிறு நூல், சிங்களப் பேரினவாதத்தின் வரலாற்று வேர்களைச் சிங்கள வாசகர் முன்னேயே தோண்டி வைத்தது. அந்நாளில் அதற்கு வேண்டிய நெஞ்சுரம் சிறிதன்று.

அம்மையாரின் பெயரை உலகறியச் செய்த நூல் 1986இல் வந்தது. மூன்றாம் உலக நாடுகளில் பெண்ணிலைவாதமும் தேசியவாதமும் என்பது அதன் பொருள். பெண்ணுரிமை மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நம்மவர் பலர் சொல்லிவந்தனர். மேல்நாட்டாரிலும் பலர் அவ்வாறே எண்ணினர். இரு சாராருக்கும் அந்நூல் ஒரே மறுமொழி கூறிற்று. எகிப்தின் ஹுதா ஷஃராவி, யாவாவின் கார்த்தினி, 1907இல் தலை வெட்டுண்டு மாண்ட சீனத்துச் சியூ ஜின், இந்தியாவின் பண்டித ரமாபாய் ஆகியோர் தத்தம் மண்ணிலே நின்று பேசியவர்கள் என்பதைச் சான்றுகளோடு காட்டிற்று. பல நாடுகளை ஒரு நூலில் அடக்கியமையால், சில நாடுகளின் கதை விரைந்து முடிகின்றது என்பது உண்மையே. எனினும், சீர்திருத்தம் பேசிய தேசியத் தலைவர்கள் பெண்ணைப் படிப்பிக்க விரும்பியது பெரும்பாலும் அவள் நல்ல மனைவியாகவும் தாயாகவும் விளங்கவேண்டும் என்பதற்காகவே என்று அம்மையார் காட்டிய இடம், வாசிப்போர் எவரையும் தம் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்க்கச் செய்யும்.

தமிழருக்கு இதில் ஓர் அருகாமைச் சான்று உண்டு. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றி, டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று வாதாடியது. அங்கே பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென்று சாட்சி சொன்னவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1913இலே யாழ்ப்பாணத்திற் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவியவரும் அவரே. சங்கத்தின் சார்பில் வந்த அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத்தில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, ஆகவே வேண்டும் என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். 1931இல் கிடைத்த அவ்வாக்கு, 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்களால் மலையகத் தமிழரிற் பெரும்பாலார் கையிலிருந்து பறிபோயிற்று. கொழுந்து கூடையைச் சுமந்த பெண் சுதந்திர நாட்டிலே நாடற்றவளானாள்.

வாக்குரிமைக்காக உழைத்தவர்களுள் மருத்துவர் மேரி இரத்தினமும் ஒருவர். கனடாவிலே பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையையே தம் நாடாகக் கொண்டவர். கொழும்பு மாநகர சபைக்கு 1937இல் தெரிவானார். மகிளா சமித்திகளைக் கிராமங்களில் வளர்த்தார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். குமாரி ஜயவர்த்தன இவருடைய வரலாற்றைத் தனி நூலாக எழுதியிருக்கிறார். தென்னாசியாவுக்கு வந்த மேல்நாட்டுப் பெண்கள் பற்றி அவர் 1995இல் வெளியிட்ட நூலும் இவ்வழியில் எழுந்ததே. ஆங்கிலத் தாயின் மகளுக்கு அப்பொருளில் உள்ளார்ந்த ஈடுபாடு இருந்ததில் வியப்பில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த மற்றொரு நூல், இலங்கைச் செல்வந்தரின் மூலதனத்தை ஆராய்வது. பெரும் பட்டங்களும் மாளிகைகளும் கொண்ட குடும்பங்கள் பலவற்றின் முதற் பொருள் சாராயக் குத்தகையிலே சேர்ந்தது என்பதை அந்நூல் கணக்கோடு விளக்குகின்றது. வம்சப் பெருமை பேசுவோர்க்கு அது அவ்வளவு இனிய வாசிப்பன்று.

எண்பது வயதைக் கடந்த பின், 2015இல், ரேச்சல் குரியனுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் மீண்டும் மலைநாட்டுக்கே சென்றது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளக் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. துரை, கங்காணி, கணவன் என மூன்று அதிகாரங்களின் கீழ் அப்பெண் வாழ்ந்தாள். 1929இல் முதன்முதலாக நாட் சம்பளம் சட்டத்தால் நிருணயிக்கப்பட்டபோது, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று எழுதப்பட்டது. தேயிலைக்கு வெளிநாட்டில் விலை தேடித்தந்த கொழுந்து, பதினொரு சதம் குறைந்த கையினாலே கிள்ளப்பட்டது. இவ்வேற்றுமை நீங்க 1984ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று. அதன் பின்னரும், மனைவியின் சம்பளத்தைக் கணவனே கைநீட்டி வாங்கிச் செல்லும் வழக்கம் தோட்டங்கள் பலவற்றில் நீடித்தது.