தோட்டத்து ரக்பியும் பந்துதைக்கும் கலையும்

கையிலிருந்து விடும் பந்தைத் தரைதொடுமுன் உதைக்கும் ‘பன்ட்’ என்னும் உத்தி, அமெரிக்கக் கால்பந்தில் அதற்கென்றே ஊதியம் பெறும் தனி ஆட்டக்காரரை உருவாக்கியது. அவ்விளையாட்டின் தாயான ரக்பியோ, 1879இல் கொழும்பில் வேரூன்றி, இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களை நடத்திய பிரித்தானியத் துரைமாரின் ஓய்வுநேர ஆட்டமாகவே வளர்ந்தது. அட்டனை அடுத்த தரவளையில் டிக்கோயா–மஸ்கெலியாக் கழகமும், நானுஓயாவை அடுத்த ரதல்லயில் திம்புள்ளைக் கழகமும் மைதானங்களைப் பேணிவர, 1908இல் இலங்கை ரக்பி ஒன்றியம் அமைந்தது. ஆயினும், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்து, கொழுந்து பறித்துத் தோட்டங்களின் செல்வத்தை ஈட்டித்தந்த தமிழ்த் தொழிலாளருக்குத் துரைமாரின் கழகங்களில் இடமிருக்கவில்லை. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் துரைமாரின் ஆதிக்கம் முடிவுற்றது. அம்மைதானங்களின் வரலாறு, அவற்றைத் தாங்கிய உழைப்பாளரின் வரலாறாகவும் எழுதப்பட வேண்டும்.