ஆட்குறைப்பு

ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்தால் ஒரு தொழிலாளியின் வேலையை நிறுவனம் முடித்துவைப்பது ஆட்குறைப்பு எனப்படும். மூலப்பொருள் அல்லது மின்தட்டுப்பாட்டால் தற்காலிகமாக வேலை தர இயலாத ‘லே-ஆஃப்’ நிலையில் பணியுறவு அறுவதில்லை என்பதால், சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அளித்த அடிப்படைப் பாதுகாப்புகள், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கின்றன. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருவதுடன், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாக வழங்க வேண்டும். பத்தாண்டு உழைத்தவருக்கு இது 150 நாள் ஊதியமாகும். அரசின் முன்அனுமதி தேவைப்படும் ஆலைகளுக்கான தொழிலாளர் வரம்பு 100இலிருந்து 300ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் உள்ளவை போன்ற சிறு கூடங்கள் இவ்வரம்புக்குள் வாராவிடினும், முன்னறிவிப்பும் இழப்பீடும் அவற்றுக்கும் கட்டாயமே. ஒரு பணிப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் விலக்கப்பட வேண்டும் என்பது பொதுவிதியாதலால், அச்சு வார்ப்போருக்கும் சூளை அடுக்குவோருக்கும் தனித்தனியே பணிமூப்புப் பட்டியல் பேணுவதும், விதியிலிருந்து விலகினால் காரணத்தை எழுதிவைப்பதும் பின்னர் எழும் வழக்குகளைத் தவிர்க்க உதவும்.

முடிவை நேரில், புரியும் தமிழில் விளக்கி, நிலுவையை உடனே தீர்த்து, பணிச்சான்று அளித்து, மீண்டும் ஆளெடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை தருவது தொழிலாளியின் மதிப்பையும் நிறுவனத்தின் சட்டநிலையையும் ஒருங்கே காக்கும்.