முதல் மோட்டார் சைக்கிளும் தலைக்கவசத்தின் வரலாறும்



சென்ற ஆவணி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, என்னுடைய பழைய மாணவன் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். கல்லூரியில் முதலாண்டு பயில்பவன். அண்மையில்தான் அவனுக்கு 18 வயது நிரம்பியது. "ஐயா, மோட்டார் சைக்கிள் வாங்கித் தர அப்பா சம்மதித்துவிட்டார். எந்த வண்டியை வாங்கலாம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான். இயந்திரக் கலை அறிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற என்னிடம் இக்கேள்வி வந்தது எனக்குச் சிறிது வியப்பாகவே இருந்தது.

அவன் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் நான்கு வண்டிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, சி.சி., குதிரைத் திறன், உச்ச வேகம் ஆகியவற்றை அழகாகக் கட்டம் போட்டுக் குறித்திருந்தான். வகுப்பில் வரைபடம் வரையச் சொன்னால் இவ்வளவு சிரத்தை காட்டியவனல்லன்! தாளைக் கடைசி வரை பார்த்துவிட்டு, "தலைக்கவசம் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "அதைக் கடையிலேயே வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள், ஐயா" என்றான்.

அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஏறுபவனுடைய தலையைக் காக்க முயன்றவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னது பின்னதைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மூத்தது. அந்த முப்பதாண்டு இடைவெளி இன்னும் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை என்பதற்கு என் மாணவனுடைய தாளே சான்று.

1885ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் கான்ஸ்டாட் என்னும் ஊரில் கோட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்ற இருவரும் மரச்சட்டத்தில் ஒரு சிறு எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் கொள்ளளவு 264 சி.சி.; ஆற்றல் அரைக் குதிரைத் திறன்; வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் அளவே. வண்டி சாயாமலிருக்க இருபுறமும் சிறு சக்கரங்கள் வைத்திருந்தனர், குழந்தைகளின் சைக்கிளுக்கு இன்று வைப்பதைப் போல. அவ்வாண்டு நவம்பரில் அதில் ஏறி அடுத்த ஊர் வரை சென்றவன் டைம்லரின் மகன் பவுல். அவனும் உங்களைப் போன்ற வயதினன்தான். போகும் வழியில் இருக்கை தீப்பற்றிக்கொண்டது என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. எரியூட்டும் சூடான குழாய் இருக்கைக்கு நேர் கீழே இருந்தது என்பதை எண்ணும்போது, அச்செய்தியை நம்புவது கடினமன்று. உலகின் முதல் மோட்டார் சைக்கிளுக்கு வாய்த்த முதல் பயிற்சியாளன் தலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அவனுடைய கவலை வேறிடத்தில் இருந்திருக்கும்.

வேகம் விரைவில் வளர்ந்தது. 1894இல் மியூனிக் நகரில் ஹில்டெப்ராண்டு, வோல்ஃப்முல்லர் நிறுவனத்தார் விற்பனைக்கென்று தொடர்ந்து தயாரித்த வண்டி மணிக்கு 45 கிலோமீட்டர் ஓடியது. 1907இல் இங்கிலாந்தை அடுத்த மான் தீவில் நடந்த முதல் பந்தயத்தில் வென்றவர் சராசரியாக மணிக்கு 61 கிலோமீட்டர் வேகத்தில் சென்றார். இவர்கள் தலையில் அணிந்திருந்தது வெறும் துணித் தொப்பி, அல்லது மெல்லிய தோல் தொப்பி. காற்றையும் புழுதியையும் தடுப்பதற்கு அது போதும், கல்லைத் தடுப்பதற்கு?

இக்கேள்வியை முதலில் எழுப்பியவர் வண்டி செய்தவரல்லர், ஒரு மருத்துவர். லண்டன் மாநகருக்கு அண்மையிலிருந்த புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் எரிக் கார்ட்னர் என்பவர் மருத்துவராக இருந்தார். கீழே விழுந்து தலையில் அடிபட்டு வருபவர்களை அடிக்கடி கண்ட அவர், கித்தான் துணியை அரக்கால் கெட்டிப்படுத்தி ஒரு கவசம் செய்வித்தார். (அக்காலத்தில் உலகச் சந்தைக்கு அரக்கைப் பெரும்பாலும் அனுப்பியது நம் இந்திய நாடே என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.) பந்தயச் சங்கத்தார் முதலில் அதை ஏற்கவில்லை, பின்னர் மனம் மாறி, 1914ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் எல்லோரும் அணிந்தே தீர வேண்டும் என்று விதித்தனர். எனினும் அவ்விதி பந்தயத் திடலோடு நின்றுவிட்டது. சாலையில் செல்பவனுக்கு அது வேண்டும் என்று எவரும் கருதவில்லை.

இனி 1935ஆம் ஆண்டுக்கு வருவோம். முதல் உலகப் போரில் அரேபியப் பாலைவனத்தில் புகழடைந்த டி. இ. லாரன்ஸ் என்பவரைப் பற்றி நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருக்கலாம். அவருக்கு மோட்டார் சைக்கிள் மீது அளவிறந்த மோகம். புரூஃப் சுப்பீரியர் என்ற வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாங்கியவர். ஏறத்தாழ 1000 சி.சி. எஞ்சினும், மணிக்கு 160 கிலோமீட்டர் வரை செல்லும் ஆற்றலும் உடைய வண்டி அது. அவ்வாண்டு மே 13ஆம் நாள், டார்செட் பகுதியில் தம் குடிலுக்கு அருகே அவர் சென்றுகொண்டிருந்தார். சாலையில் ஒரு பள்ளம். அதற்கு அப்பால் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். பள்ளம் அவர்களை மறைத்துவிட்டது. கண்டதும் விலகினார், வண்டி தடுமாறித் தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19ஆம் நாள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 46.

மாணவர்களே, இவர் புதியவரல்லர் என்பதைக் கவனியுங்கள். பல்லாண்டுப் பழக்கமுடையவர், அந்தச் சாலையும் அவருக்குப் பழகிய சாலை. "எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும்" என்னும் வாக்கியத்தை இளைஞர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லாரன்ஸின் நினைவு வரும்.

அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஹியூ கேர்ன்ஸ் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், மூளை அறுவையில் வல்லவர். அவராலும் லாரன்ஸைக் காக்க இயலவில்லை. ஆனால் அந்த மரணத்தை அவர் மறக்கவும் இல்லை. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் பணிக்கு இளம் சிப்பாய்கள் பெருந்தொகையாக அமர்த்தப்பட்டனர். பலர் அப்போதுதான் ஓட்டக் கற்றவர்கள். இரவில் இருட்டடிப்பு, விளக்குக்கும் மறைப்பு. பெட்ரோல் பங்கீட்டால் சாலையில் கார்கள் குறைந்திருந்தன. ஆயினும் மோட்டார் சைக்கிள் மரணங்கள் குறையவில்லை. போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டனில் 1,884 பேர் மோட்டார் சைக்கிளில் சென்று மாண்டிருந்தனர். போர் தொடங்கிய பின் வந்த 21 மாதங்களில் அத்தொகை 2,279 ஆயிற்று. நூற்றுக்கு 21 மிகுதி.

இக்கணக்கை 1941 அக்டோபரில் கேர்ன்ஸ் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். தம்முடைய மருத்துவமனையில் கண்ட ஒரு விவரத்தையும் சேர்த்தார். தலையில் காயம்பட்டு வந்த 149 மோட்டார் சைக்கிள் வீரர்களுள் கவசம் அணிந்திருந்தவர்கள் எழுவரே. அந்த எழுவரும் பிழைத்துக்கொண்டனர். ஏழு என்பது சிறு தொகை. அதைக் கொண்டு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கணித மாணவர்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயமே. ஆனால் இராணுவம் காத்திருக்கவில்லை. அடுத்த மாதமே, 1941 நவம்பரில், பணியிலிருக்கும் மோட்டார் சைக்கிள் வீரர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அதன்பின் மரணத் தொகை படிப்படியாக இறங்கியது. 1942இல் பொதுமக்களுக்குப் பெட்ரோல் நிறுத்தப்பட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கலாகாது. வரலாறு கற்பவன் தனக்குப் பிடித்த காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாகாதல்லவா? எனினும் கவசத்தின் பங்கைக் கேர்ன்ஸ் 1946இல் மீண்டும் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். அவர் 1952இல் காலமானார். பிரிட்டனில் பொதுமக்கள் எல்லோருக்கும் தலைக்கவசம் சட்டமானது 1973இல்தான்.

புள்ளிவிவரம் என்றால் உங்களுக்கு உலர்ந்த பொருளாகத் தோன்றும். பல்லாண்டு வருகைப் பதிவேட்டைக் கையாண்ட எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. 2009இல் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், அரசுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில், நண்பனின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு புறவழிச்சாலையில் சென்றான். அவனுடைய பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தவன் நான். நண்பனின் தலைக்கவசமும் அவனோடுதான் சென்றிருந்தது. வண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்தது. அதை எனக்குக் காட்டினார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

தலைக்கவசம் என்ன செய்கிறது? மண்டையோடு உடையாமல் காப்பதே அதன் வேலை என்று பலர் நினைக்கின்றனர். அது பாதி உண்மை. கேர்ன்ஸுடன் ஆக்ஸ்ஃபோர்டில் பணிபுரிந்த ஹோல்போர்ன் என்ற பௌதிக அறிஞர், மூளைக்குப் பதிலாக ஜெலட்டின் கூழை வைத்துச் சோதித்தார். ஓடு உடையாவிட்டாலும், தலை திடீரென்று திரும்பும்போதும் நிற்கும்போதும் உள்ளிருக்கும் மென்மையான பொருள் திரிந்து சிதைகிறது என்பதை 1943இல் விளக்கினார். தூக்குப் பாத்திரத்தில் தயிரை வைத்துக் குலுக்கிப் பாருங்கள். பாத்திரம் முழுதாய் இருக்கும், தயிர் இருக்காது. ஆகவே அதிர்ச்சியை விழுங்கும் பொருள் ஒன்று கவசத்தினுள் வேண்டும். 1953இல் அமெரிக்காவில் ரோத், லம்பார்ட் என்ற இருவர் அத்தகைய நுரைப்பொருள் கொண்ட கவசத்துக்குக் காப்புரிமை பெற்றனர். இன்று நீங்கள் வாங்கும் கவசத்தினுள் இருக்கும் தெர்மக்கோல் போன்ற தடித்த படலம் அதன் வழிவந்ததே. விழும்போது அப்படலம் நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்த நொடியின் சிறு பகுதிதான் உயிரைக் காப்பது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழாது. ஆகவே அடிபட்ட கவசத்தைத் தூக்கியெறிய வேண்டும். சாலையோரத்தில் விற்கும் மலிவான சிலவற்றில் இப்படலமே இல்லை. அவை பிளாஸ்டிக் சட்டிகள்.

என் மாணவனுக்கு முதலில் சொன்னது இதுதான்: "வண்டியைப் பின்னர் பார்ப்போம்; தலையை முதலில் அளப்போம்." புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றி அளந்தோம், 57 சென்டிமீட்டர். அந்த அளவுக்குரிய, முகத்தை முழுதும் மூடும் கவசம், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4151 என்ற தர எண்ணும் உள்ளது. அணிந்து தலையை ஆட்டினால் கவசம் தனியே ஆடலாகாது. கன்னத்தைச் சிறிது அழுத்த வேண்டும். மோவாய் வாரை மாட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்பே பறந்துவிடும். பிறகு கணுக்காலை மூடும் செருப்பல்லாத காலணி, கையுறை, தடித்த மேற்சட்டை. விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுகிறான். உள்ளங்கைத் தோல் தார்ச் சாலைக்கு ஈடாகாது. நம் வெயிலில் இவையெல்லாம் புழுங்கும் என்பது உண்மை. நானும் புழுங்கியிருக்கிறேன்.

வண்டிக்கு வருவோம். அவனுடைய தாளில் முதலிடம் பெற்றிருந்தது புல்லட். காரணம் கேட்டேன், "கம்பீரம், ஐயா" என்றான். மறுக்கவில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1955இல் மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்ததன் பயனாகத் திருவொற்றியூரில் அவ்வண்டி உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. மகள் வீட்டில் வாழ்வது போல் புல்லட் நம்மிடம் வாழ்ந்துவருகிறது. ஆனால் அதன் எடை 190 கிலோவுக்குக் குறையாது. ஒல்லியான பையன் அதைச் சாய்வான இடத்தில் நிறுத்தி, ஒரு கால் மட்டும் தரையில் பட நிற்கும்போது என்ன ஆகும்? 1980களில் நம் நாட்டுக்கு வந்த 100 சி.சி. வண்டிகள் அதில் ஏறக்குறைய பாதி எடையே இருந்தன; ஒரு தலைமுறை முழுவதும் அவற்றில்தான் கியரும் கிளச்சும் பழகியது. நானோ 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்ற சிறு வண்டியிலேயே பணிக்காலத்தை ஓட்டிவிட்டேன். அதைக் கண்டு மாணவர்கள் சிரித்தது எனக்குத் தெரியும்.

ஆகவே கடைக்குப் போனால் முதலில் வண்டி மேல் அமர்ந்து, இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படுகின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ள முடியாத வண்டியை ஓட்டவும் எளிதாக முடியாது. 100 முதல் 125 சி.சி. போதும். அதற்கு மேற்பட்டதுதான் வேண்டுமென்றால், சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கு இருக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் அது கட்டாயம். உச்ச வேகம் என்ற கட்டத்தை அவன் தாளிலிருந்து நானே அடித்துவிட்டேன். அவ்விடத்தில் "பிரேக்கு" என்று எழுதினேன்.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அது சில ஆண்டுகள் கண்டிப்பாகவும் சில ஆண்டுகள் தளர்வாகவும் நடந்து, உயர்நீதிமன்ற ஆணைக்குப் பின் 2015 ஜூலை முதல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. பின்னால் அமர்பவருக்கும் அது பொருந்தும் என்றபோது, மாணவன் சற்றுத் திகைத்தான். தாளில் மேலும் ஒரு வரி சேர்ந்தது; விலையும் ஏறிற்று.

இரண்டு வாரம் கழித்து அவன் மீண்டும் வந்தான், நகரப் பேருந்தில். கையில் ஒரு பெரிய பை. அதனுள் இரண்டு தலைக்கவசங்கள். இரண்டாவது தங்கைக்காம். வண்டி இன்னும் வாங்கவில்லை. பழகுநர் உரிமம் கைக்கு வரட்டும், தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தகப்பனார் சொல்லியிருக்கிறாராம்.