கும்பினியாரின் விருந்துக் கணக்கு

முதலீட்டுக் கம்பெனிகளில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் ஒரு விதிப் புத்தகத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். வாடிக்கைக்காரர் தரும் பரிசு இன்ன தொகைக்கு மேற்பட்டால் தொடக் கூடாது. விருந்துக்கு அழைத்தால் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருக்கும். இது ஏதோ நவநாகரிக ஏற்பாடு என்று நினைக்கிறோம். உண்மையில் இதற்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல் ஆகிறது.

கிழக்கிந்தியக் கும்பினி, 1600-ல் லண்டன் வியாபாரிகள் பங்கு போட்டுத் தொடங்கிய ஸ்தாபனம். பணம் போட்டவர்கள் அங்கே. அதைக் கையாளுகிறவர்கள் பல மாதக் கப்பல் பயணத்துக்கு இப்பால். அவர்களில் கடைநிலைக் குமாஸ்தாவுக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். எழுதிப் பிழைக்கிற எனக்கு, எழுத்துக்கு அன்றும் இவ்வளவுதானா மரியாதை என்று தோன்றியது. ஆனால் அந்த ரைட்டர் பட்டினி கிடக்கவில்லை. சொந்த வியாபாரம் இருந்தது; நஜர் என்கிற காணிக்கையும் இருந்தது.

பெரியவர்களைப் பார்க்க நாம் வெறுங்கையோடு போவதில்லை. ஓர் எலுமிச்சம்பழமாவது கொண்டுபோவோம். அதில் ஒரு குற்றமும் இல்லை. பார்க்கப் போகிறவர் நவாபையே மாற்றக் கூடியவராக இருக்கும்போதுதான் பழம் பொன்னாகிவிடுகிறது! 1757-ல் பிளாசி யுத்தம் முடிந்ததும், புது நவாபான மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் பெற்றது 2,34,000 பவுன்.

பங்குதாரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்குக் கௌன்சிலின் அனுமதி வேண்டும். 4,000-க்கு மேற்பட்டால் அது கும்பினியைச் சேரும் என்று ஒப்பந்தப் பத்திரம் தயாராயிற்று. 1765 ஜனவரியில் அது கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. கௌன்சில் கனவான்கள் கையெழுத்திடாமல் வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் மீர் ஜாபர் காலமானார். அவர் மகனைப் பட்டத்தில் வைத்து, சுமார் 1,40,000 பவுன் பெற்றுக்கொண்டார்கள்!

ஏப்ரலில் கிளைவ் சென்னையில் வந்து இறங்கினார். மீர் ஜாபர் இறந்த செய்தி அவருக்கு இங்கேதான் எட்டியது. மே மாதம் கல்கத்தா போய் எல்லாரையும் கையெழுத்திட வைத்தார். தாம் உண்டு முடித்த பந்தியில், அடுத்தவர் இலையை எடுக்கச் சொன்னார் என்றே சொல்ல வேண்டும். பிற்பாடு பார்லிமெண்டுக் கமிட்டி கணக்கெடுத்தபோது, 1757 முதல் 1766 வரை வங்காளத்தில் கை மாறிய பரிசு 21 லட்சம் பவுனுக்கு மேல் என்று தெரிந்தது.

பரிசுக்கு வரம்பு வந்தாயிற்று. விருந்து?

1772-ல் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் முர்ஷிதாபாத் போனார். அப்போது நவாப் சிறு பையன். அவனுக்குப் பாதுகாவலாக, மீர் ஜாபரின் விதவை முன்னி பேகத்தை ஹேஸ்டிங்ஸே நியமித்தார். பேகம் அவருக்கு விருந்துச் செலவு என்று ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தாள். கவர்னர் வந்தால் இப்படிக் கொடுப்பது பழைய வழக்கம் என்பது அவர் கட்சி. வழக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் அதே வருஷம் நவாபின் வருஷப் படி 32 லட்சத்திலிருந்து 16 லட்சமாகக் குறைக்கப்பட்டதும் உண்மை. குறைத்தது கும்பினி. வீட்டுக்காரனின் அரிசியைப் பாதியாக்கிவிட்டு, அவன் வீட்டிலேயே இலை போட்டு உட்காருவதை விருந்து என்பதா?

1773-ல் பார்லிமெண்டு சட்டமே செய்தது. கவர்னர் ஜெனரலும் கௌன்சிலாரும் எந்தப் பரிசும் வாங்கக் கூடாது. கவர்னர் ஜெனரலுக்கு வருஷம் 25,000 பவுன் சம்பளம். 1775-ல் நந்தகுமார் என்பவர் பேகம் பணத்தைப் பற்றிப் புகார் கொடுத்தார். அதே வருஷம் ஆகஸ்டில், பழைய பத்திர மோசடி வழக்கொன்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஹேஸ்டிங்ஸ் மீது லண்டனில் 1788-ல் தொடங்கிய விசாரணை 1795-ல் விடுதலையில் முடிந்தது.

ஏழு வருஷ விசாரணையில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று வாதம் நடந்தது. எனக்குத் தோன்றுவது வேறு. முர்ஷிதாபாத் விருந்துக்கு இரண்டு வருஷம் முன்புதான் வங்காளத்தில் மகா பஞ்சம், லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நவாபுக்குக் கும்பினி அளந்த படி, அந்தக் குடியானவனின் நிலவரியிலிருந்து வந்தது. பேகம் கொடுத்ததும் அதிலிருந்துதான். விருந்துக்குக் கடைசியில் பணம் கட்டியவன், பந்தியில் உட்காராதவன்.

இன்றைய விதிப் புத்தகம் பரிசின் விலையைக் கேட்கிறது. கொடுப்பவர் பெயரைக் கேட்கிறது. இரண்டும் அவசியமே. அந்தப் பணம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்றும் கேட்டால், விதி இன்னும் கொஞ்சம் நியாயமாக இருக்கும்.